கயிற்றை அறுத்த இரண்டு எருமைகள்

1

சில வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில், கேன்டீன் ஜன்னலோரம் நின்றால் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஒரு மூலை தெரியும். மதியச் சாப்பாடு முடித்து, கையில் டீயோடு அங்கே நிற்பது வழக்கம். கீழே தண்ணீரில் கறுப்பாகச் சில திட்டுகள். முதல் நாள் பாறை என்றுதான் நினைத்தேன். ஒரு பாறை காதை ஆட்டியது. அதன் முதுகில் இருந்த கொக்கு எழுந்து பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தது.

அன்று காலை ஒரு ரிலீஸ் சொதப்பியிருந்தது. மீட்டிங்கில் எங்கள் ஐந்து பேரையும் நிற்கவைத்துத் திட்டிய மேலாளர் கடைசியாகச் சொன்னது: "எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கிறீங்களேடா." டீயோடு நின்ற நண்பன் ஜன்னல் வழியே கீழே காட்டி, "பாரு, நம்ம டீம் மீட்டிங் நடக்குது" என்றான். எல்லோரும் சிரித்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுவந்த வசைதானே, புதிதாக வலிக்க ஒன்றுமில்லை. அதாவது எங்கள் மேலும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் அந்தப் பழமொழி மண்டையில் தங்கிவிட்டது. பழமொழியும் ஒரு படைப்புதான். நமக்குக் கிடைக்கிற மிகச் சின்ன இலக்கியம். ஒரு கவிதையிடம் கேட்கிற கேள்வியை அதனிடமும் கேட்கலாம்: இதைச் சொன்னவர் அந்த விலங்கை உண்மையாகப் பார்த்தாரா?

பாதி பார்த்திருக்கிறார். மழை பெய்யும்போது ஆடு ஓடும், கோழி ஒதுங்கும், பசு மரத்தடி தேடும். எருமை பெரும்பாலும் அப்படியே நிற்கும். இதுவரை சரி. ஏன் நிற்கிறது என்பதில்தான் பழமொழி தப்பு செய்கிறது. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் பசுவைவிட மிகக் குறைவு. தோல் கறுப்பு, வெயிலை வாங்கிக்கொள்ளும். மேலே மயிரும் அடர்த்தியில்லை. உடம்புச் சூட்டை வெளியே தள்ள அதற்கு உள்ளே வசதி போதாது. ஆகவே அந்த வேலையை வெளியே இருக்கிற தண்ணீரிடம் கொடுத்திருக்கிறது. குளத்தில் கழுத்துவரை அமிழ்ந்து கிடப்பதும், சேற்றைப் பூசிக்கொண்டு எழுந்து வருவதும் சோம்பேறித்தனத்தில் சேராது; அதுதான் அதன் குளிர்சாதனம். பூசிய சேறு காய்ந்தால் வெயிலுக்கும் ஈக்கும் சேர்த்து ஒரு சட்டை.

அப்படியென்றால் மழையில் எருமை அசையாமல் நிற்பது உறைக்காததால் இல்லை. நன்றாக உறைப்பதால். பகல் முழுக்கச் சூட்டைச் சுமந்த ஒரு உடம்பு, யாரோ தன் மேல் தண்ணீர் ஊற்றும்போது நின்று வாங்கிக்கொள்கிறது. இன்னொரு உயிரின் சுகத்தைப் பார்த்து அதற்கு மரத்துப்போய்விட்டது என்று தீர்ப்பு எழுதியிருக்கிறோம். இந்தத் தீர்ப்பை நாம் எருமைக்கு மட்டும் எழுதவில்லை என்பது அந்த மீட்டிங் அறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

எருமையைச் சரியாகப் பார்த்த தமிழ் எங்கே இருக்கிறது என்று தேடியபோது இரண்டு சங்கப் பாடல்களில் போய் நின்றேன். இரண்டையும் எழுதியவர்கள் பெண்கள். அப்புறம் ஒரு மலையாளப் படம். சங்கப் பாடல் ஒன்றிலும் இந்தப் படத்திலும் நடக்கிற சம்பவம் ஒன்றுதான்: ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஓடிய எருமையை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

2

அகநானூறு 46, அள்ளூர் நன்முல்லையார் பாடியது. மருதத் திணை. கதை எளிமையானது. மனைவியை விட்டு வேறொருத்தியிடம் போன தலைவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். தோழி உள்ளே விட மறுக்கிறாள். அவனை 'ஊரனே' என்று கூப்பிடுகிறாள். அந்த ஊர் எப்படிப்பட்டது என்று சொல்ல வரும்போதுதான் எருமை நுழைகிறது.

ஒவ்வொரு அசைவாகப் பார்க்கலாம். சேற்றில் நின்று நின்று வெறுத்துப்போன, கண் சிவந்த எருமை. ஊர் தூங்கும் இரவு. அது தன்னைக் கட்டியிருக்கும் உறுதியான கயிற்றை அறுக்கிறது. கூர்முள் வேலியைக் கொம்பால் தூக்கி ஒதுக்குகிறது. நீர் நிறைந்த பழனத்துக்குள் இறங்குகிறது. மீன்கள் சிதறி ஓடுகின்றன. உள்ளே துளையுள்ள தண்டு கொண்ட வள்ளைக் கொடியைக் குழப்பிச் சிக்கலாக்கிவிட்டு, வண்டு மொய்க்கும் தாமரையைத் தின்கிறது.

இது எருமை வளர்ப்பவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலாவது இருந்த ஒருவர் எழுதியது. எனக்கு இதில் பிடித்தவை மூன்று.

முதலாவது, சேறு. எருமை என்றாலே சேறு பிடிக்கும் என்று நமக்கு ஒரு எண்ணம். நன்முல்லையாரின் எருமையோ சேற்றை வெறுக்கிறது. முரண் மாதிரி தெரியும், ஆனால் இல்லை. எருமை தானாகப் போய்ப் புரள்கிற குளத்துச் சேறு ஒன்று. கட்டிப்போட்ட இடத்தில், தன் சாணியும் மூத்திரமும் மிதிபட்டு உண்டாகிற கொட்டில் சேறு இன்னொன்று. ராத்திரி அது படுத்து அசைபோட வேண்டும். அதற்குக் காய்ந்த தரை வேண்டும். பார்க்க இரண்டுமே சேறுதான். ஒன்றில் விருப்பம் இருக்கிறது, மற்றதில் கயிறு இருக்கிறது.

இரண்டாவது, வேலி. அது வேலியை உடைக்கவில்லை, கொம்பால் நீக்குகிறது. பின்னால் வளைந்த நீளக் கொம்பு, அடியில் கொடுத்து நெம்புவதற்குத் தோதானது. வெறியில் முட்டி மோதுகிற மிருகம் இங்கே இல்லை. தாழ்ப்பாளைத் திறக்கிற மாதிரி நிதானமாக ஒரு காரியம் செய்கிறது.

மூன்றாவது, நேரம். இது என் வாசிப்பு. தாமரை இரவில் கூம்பிவிடும். வண்டு மொய்க்கிறது என்றால் விடிந்துவிட்டது. கயிறு அறுந்தது ஊர் தூங்கும்போது, தாமரை தின்பது வண்டு வரும்போது. நடுவில் ஓர் இரவு முழுக்க அது தண்ணீரில் கிடந்திருக்கிறது. பாட்டு அதைச் சொல்லவில்லை, கணக்குப் போட்டால் வருகிறது.

மரபான உரை இதற்கு உள்ளுறை சொல்லும்: எருமை தலைவன், தாமரை பரத்தை, சிதறுகிற மீன்களும் சிக்கலாகிற கொடியும் அவனால் கலங்கியவர்கள். சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வகுப்பறையில் உள்ளுறையைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு விபத்து நடக்கிறது. இன்னது இன்னதைக் குறிக்கிறது என்று அட்டவணை போட்டு முடித்ததும் எருமை காணாமல் போய்விடுகிறது. பொண்டாட்டியை விட்டுப் போனவனை எருமை மாடு என்று திட்டுகிறாள், அவ்வளவுதானே என்று பையன்கள் புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

திட்டுவது என்றால் அவளுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு? எருமைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அது சேற்றில் நின்றது, கண் சிவந்தது, தண்ணீர் அதன் உடம்புக்குத் தேவை. தோழி அந்த நியாயத்தை மறைக்கவில்லை. அதனால்தான் இந்த ஒப்புமை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. எருமை தலைவன் என்றால், அவன் வெறுத்துவிட்டு ஓடிய அந்தச் சேறு எது? அவள் வீடு. தன் தோழியின் வீட்டை, அதை விட்டுப் போனவனின் கண்ணால் ஒரு கணம் பார்த்து, அவனுக்கு இது கொட்டில் சேறாகத்தானே தெரிந்திருக்கிறது என்று சொல்கிறாள். இதைச் சொல்ல எவ்வளவு வலி வேண்டும். 'எருமையே' என்று வெறுமனே திட்டியிருந்தால் இதில் கால்பங்குகூட இருந்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. மேய்ச்சலுக்கு விட்ட எருமை சாயங்காலம் தானாக வீடு திரும்பும். கன்று இருக்கிறது, பால் கட்டியிருக்கிறது, வழி தெரியும். இரவில் ஓடிய இந்த எருமையும் விடிந்ததும் வந்திருக்கும். மாட்டுக்காரர் வைதுகொண்டே கதவைத் திறந்துவிட்டிருப்பார். பாட்டின் மறுபாதியில் தலைவன் அதே மாதிரி வாசலில் வந்து நிற்கிறான். ஆனால் கதவு திறக்கவில்லை. உன்னோடு ஊட நாங்கள் யார், இன்னொருத்தியைக் கூட்டிவந்து மணம் முடித்தாய் என்று ஊர் சொல்கிறது, நாங்கள் சொல்லவில்லை. வளை கழன்றால் கழலட்டும், நீ போ ஐயா, உன்னைத் தடுப்பவர் யார் என்கிறாள். வளை என்று சொல்லும்போது தலைவியின் வளையைத் தன் வளை என்றே சொல்கிறாள். அந்த வீட்டில் இரண்டு பெண்களும் ஒரே ஆளாகிவிட்டார்கள். எருமைக்குக் கிடைக்கிற மன்னிப்பு அவனுக்கு இல்லை, ஏனென்றால் எருமைக்கு இருந்த காரணம் அவனுக்கு இல்லை. உவமை அவனை எருமையாக்குகிறது. கதவு அவனை எருமைக்கும் கீழே வைக்கிறது.

3

குறுந்தொகை 261, கழார்க்கீரன் எயிற்றியார் பாடியது. இங்கேயும் அதே எருமை. சேற்றில் நிற்பதை வெறுத்த, கண் சிவந்த அந்த எருமைக்கு இரண்டு பாட்டிலும் வருகிற சொற்கள் அச்சு அசல் ஒன்றே. யார் யாரிடமிருந்து எடுத்தார், அல்லது அது புலவர்களின் பொதுச் சொத்தா என்கிற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எங்கே போகிறார்கள் என்பதுதான் சுவாரசியம்.

மழைக்காலத்தின் கடைசி நாட்கள். விடாத மழையில் எள்ளுக் காய்கள் அழுகிப்போயிருக்கின்றன. நடு இரவில் எருமை 'ஐ' என்று கத்துகிறது. எல்லோருக்கும் பயம் வருகிற அந்த நேரத்திலும் தலைவிக்குத் தூக்கம் வரவில்லை. விடிய விடிய நேரத்தைக் கணக்கு வைக்கும் காவலர்கள் போல அவளும் விழித்துக் கிடக்கிறாள், நெஞ்சு புண்ணாகியிருக்கிறது.

இந்த எருமை கயிற்றை அறுக்கவில்லை. கத்துகிறது, அவ்வளவுதான். அவள் கத்தவும் இல்லை. எருமைக்காவது ஒரு எழுத்து கிடைத்தது. காதலுக்கும் காவலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவளின் குரல் அந்த எருமையின் தொண்டையிலிருந்து வருகிறது.

நம் பழமொழியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எருமை மேல் மழை பெய்தால் அதற்கு ஒன்றும் உறைக்காது என்கிறது பழமொழி. எருமை மேல் மழை பெய்துகொண்டே இருந்தால் அது நடுராத்திரி என்ன சத்தம் போடும் என்பதைப் பதிந்து வைத்திருக்கிறார் எயிற்றியார். கோடை மழையில் நின்று வாங்கிக்கொள்கிற அதே விலங்கு, அடைமழையில் படுக்கக் காய்ந்த இடம் இல்லாமல் வெறுத்துப்போகிறது. எந்த மழை, எத்தனையாவது நாள், கட்டியிருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் முக்கியம். பழமொழிக்கு இந்த விவரங்கள் தேவைப்படவில்லை. கவிதைக்கு விவரம்தான் எல்லாமே.

4

பிறகு எருமை தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது. நாம் அறிந்த எருமைகள் பெரும்பாலும் கரையில் நிற்பவை. எமனின் வாகனம். தேவியின் காலடியில் வெட்டுப்பட்ட தலை. மாமல்லபுரத்துக் குகைச் சிற்பத்தில் மகிஷன் மனித உடம்பும் எருமைத் தலையுமாகக் கதையைப் பிடித்தபடி பின்வாங்குகிறான். அற்புதமான சிற்பம், தோற்கிறவனுக்கும் அதில் ஒரு கம்பீரம் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அது எருமை இல்லை. நம் காலத்தில் காஞ்ச அய்லய்யா 2004-ல் வந்த தன் புத்தகத்துக்கு 'எருமை தேசியம்' என்று பெயர் வைத்தார். இந்த நாட்டின் பாலில் ஏறக்குறைய பாதியைக் கொடுக்கிற கறுப்பு விலங்குக்கு ஏன் எந்தப் புனிதமும் இல்லை என்கிற அவர் கேள்வி நியாயமானது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 11 கோடி எருமைகள். இத்தனை கோடிக்கு ஒரு பொங்கல் பாட்டுகூடச் சரியாகத் தேறாது. ஆனால் அங்கேயும் எருமை ஒரு வாதத்தின் கொடியாகத்தான் நிற்கிறது.

சங்கப் பாட்டின் உள்ளுறையும் குறியீடுதானே என்று கேட்கலாம். தொல்காப்பியத்தில் இதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. உள்ளுறைக்குக் கருப்பொருள்தான் அடித்தளம், ஆனால் அதில் தெய்வத்தை மட்டும் விட்டுவிட வேண்டும் என்கிறார். மரம், விலங்கு, பறவை என்று அந்த நிலத்தில் வாழ்கிற எதையும் எடுக்கலாம், சாமியை எடுக்கக் கூடாது. இதற்கு நான் கொள்ளும் பொருள்: உள்ளுறையில் வரும் எருமை முதலில் எருமையாக உயிரோடு இருக்க வேண்டும். அதன் வாக்கியம் தனியாகவே நிறைவாக இருக்க வேண்டும். தலைவனைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தெரியாதவனுக்கும் அது ஒரு எருமையின் ராத்திரியாகப் புரிய வேண்டும். எமவாகனம் அப்படி இல்லை. எமனை இறக்கிவிட்டால் அங்கே மேய்வதற்கு எதுவும் கிடையாது.

5

இப்போது இரண்டாவது எருமை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஜல்லிக்கட்டு' 2019-ல் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. பிறகு 93-வது ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகப் போனது. எஸ். ஹரீஷின் 'மாவோயிஸ்ட்' என்கிற சிறுகதையிலிருந்து எடுத்தது. தலைப்பைப் பார்த்துக் காளையை எதிர்பார்த்துப் போன தமிழ் நண்பர்கள் நிறையப் பேர். படத்தில் காளை இல்லை, போத்து. மலையாளத்தில் எருமைக் கடாவுக்கு அதுதான் பெயர். நமக்கும் அதுதான் பெயராக இருந்தது. தொல்காப்பியத்தின் மரபியல் எருமையின் ஆணைப் போத்து என்று சொல்லலாம் என்கிறது. நாம் அந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டோம், அவர்கள் கறிக்கடையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

மலையோரக் கிராமம். விடிவதற்கு முன்னால் வெட்டுவதற்காகக் கொண்டுவந்த எருமை தப்பிக்கிறது. பயிரை மிதிக்கிறது, கடைகளைச் சாய்க்கிறது. துரத்தப் போன நாலு பேர் நாற்பதாகி, நானூறாகிறார்கள். பழைய பகை, பெண் விவகாரம், யார் பெரியவன் என்கிற போட்டி எல்லாம் தீவட்டி வெளிச்சத்தில் மேலே வருகின்றன. பாழுங்கிணற்றில் விழுந்த எருமையைக் கயிறு கட்டித் தூக்குகிறார்கள்; மேலே வந்ததும் மறுபடி ஓடுகிறது. கடைசியில் சேற்றில் சிக்கிய எருமையின் மேல் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து ஒரு மனித மலையே எழும்புகிறது. அதற்குப் பிறகு ஆதிமனிதர்கள் ஒரு விலங்குக்காக அடித்துக்கொள்கிற காட்சி.

படத்தை எனக்குப் பிடிக்கும். அதன் ஒலிக்காகவே மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் மூச்சுச் சத்தமும், திறக்கிற கண்களும், கறி வெட்டுகிற கத்தியும் ஒரே தாளத்தில் வருகிற அந்தச் சில நிமிடங்கள் ஒரு ஊர் எழுந்திருப்பதை உடம்பில் உணரவைக்கின்றன. கிரீஷ் கங்காதரனின் கேமரா கூட்டத்தோடு சேர்ந்து மூச்சு வாங்குகிறது. இதெல்லாம் சும்மா வராது.

ஆனால் நன்முல்லையாரைப் படித்துவிட்டுப் பார்க்கும்போது ஒன்று இடிக்கிறது. தொண்ணூறு நிமிடம் ஒரு எருமையைத் துரத்துகிற படத்தில், அந்த எருமைக்கு என்ன வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் கேட்காதது கதை, அவர்கள் அப்படித்தான். படமும் கேட்கவில்லை என்பதுதான் என் பிரச்சினை. அது ஓடுகிறது, இடிக்கிறது, இருட்டில் வெறும் சத்தமாக வருகிறது. ஒரே ஒரு தடவை அது தண்ணீரையோ நிழலையோ தேடிப் போனதாகக் காட்டியிருந்தால், அடுத்த நொடியே அது ஒரு உயிராகியிருக்கும். படத்துக்காக அனிமட்ரானிக் எருமைகள் செய்தார்கள். நிஜ விலங்கை வதைக்காமல் விட்டது நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் படத்தின் பார்வையிலும் அது ஒரு இயந்திரமாகவே இருந்துவிட்டது: ஆட்களின் வெறியை வெளியே இழுத்துப் போடுகிற இயந்திரம்.

இன்னும் பெரிய சிக்கல் அந்த முடிவு. மனிதன் இன்னும் மிருகம்தான் என்று படம் சொல்கிறது. விமர்சகர்கள் பலரும் இதையே பாராட்டினார்கள். ஆனால் படத்தில் நாம் பார்த்தது என்ன? அந்த மலையில் மிருகம் ஒன்றே ஒன்று. அது செய்த காரியம் சாவிலிருந்து ஓடியது. பகையைப் பத்து வருடம் பாதுகாத்ததும், பெருமைக்காகக் கத்தி தூக்கியதும், பக்கத்து ஊர்க்காரனை வம்புக்கு இழுத்ததும் மனிதர்கள். இதையெல்லாம் 'மிருகத்தனம்' என்று பெயர் வைத்து எருமையின் கணக்கில் எழுதுவது அந்த மேலாளர் செய்த அதே வேலை. படம் மனிதனை விமர்சிக்க நினைக்கிறது. ஆனால் அதற்குப் பயன்படுத்துகிற சொல் மனிதன் தன்னைத் தப்பிக்கவைக்கக் கண்டுபிடித்த சொல். 'எனக்குள் இருந்த மிருகம் செய்தது' என்பதைவிட வசதியான வாக்குமூலம் உண்டா?

படத்தை முழுசாகத் தோற்றது என்று சொல்லவும் முடியவில்லை. அந்தக் கடைசிச் சேறு இருக்கிறதே. நன்முல்லையாரின் பாட்டு சேற்றில் தொடங்குகிறது. எருமை அதை வெறுத்து வெளியேறுகிறது. பெல்லிசேரியின் படம் சேற்றில் முடிகிறது. மனிதர்கள் தாங்களாக அதில் வந்து விழுகிறார்கள், யாரும் கட்டிப்போடவில்லை. இயக்குநர் நினைத்தாரோ இல்லையோ, கொட்டில் சேற்றில் கண் சிவந்து நிற்பது யார் என்று அந்த மனித மலை சொல்லிவிடுகிறது. கயிறு மட்டும் தெரியவில்லை.

6

இரண்டு எருமைகளுமே கயிற்றிலிருந்து தொடங்கியவை. கயிறே இல்லாத எருமை எப்படி இருக்கும்?

இருக்கிறது. காட்டு எருமை, புபாலஸ் ஆர்னீ. நம் ஊரில் காட்டெருமை என்று சொல்லும் காட்டி வேறு ஜாதி. இது கொட்டில் எருமையின் நேரடி மூதாதை. உலகத்திலேயே 4,000-க்கும் குறைவுதான் மிச்சம், அதில் பெரும்பகுதி அஸ்ஸாமில், காசிரங்கா, மானஸ் பக்கம். நேபாளத்தில் இதைக் காப்பாற்றுவதற்காகவே 1976-ல் கோசி தப்பு சரணாலயத்தை ஏற்படுத்தினார்கள். பசுக்களும் கன்றுகளும் ஒரு மந்தை; வயதான கடாக்கள் பெரும்பாலும் தனியே திரியும். புலி வந்தால் மந்தை சிதறி ஓடுவதற்குப் பதில் சேர்ந்து நின்று கொம்பைக் காட்டும்.

காசிரங்காவில் பிரம்மபுத்திரா ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரை தாண்டுகிறது. விலங்குகள் சாகின்றன, மேட்டு நிலம் தேடி நெடுஞ்சாலையைக் கடக்கின்றன. அதே வெள்ளம்தான் பீல் என்று அங்கே சொல்லும் தேங்குநீர்ப் பரப்புகளை நிரப்புகிறது, புல்வெளி காடாகிவிடாமல் புதுப்பிக்கிறது. காட்டு எருமையின் வீடு இப்படி வருஷா வருஷம் இடிந்து கட்டப்படுகிற வீடு. அதன் தண்ணீர் நாம் ஜன்னல் வழியே பார்க்கிற அழகான தண்ணீர் இல்லை. கொடுக்கும், எடுக்கவும் செய்யும்.

இங்கே ஒரு விசித்திரம். காட்டு எருமைக்கு இருக்கும் பெரிய ஆபத்துகளில் ஒன்று வீட்டு எருமை. காட்டுக் கடா மந்தைக்குள் வருகிறது, வீட்டு எருமைகள் காட்டு ஓரம் மேய்கின்றன, இனம் கலக்கிறது. சுமார் ஐயாயிரம் வருடங்களுக்கு முன்னால் நாம் போட்ட கயிறு அந்த உடம்பில் அவ்வளவு ஆழமாக இறங்கவில்லை என்று அர்த்தம். நடுவில் ஒரு முள்வேலி மட்டும்தான், அதைக் கொம்பால் தூக்கி ஒதுக்க முடியும். பாட்டு இதைத்தான் சொன்னது.

ஆனால் கயிற்றை அறுத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆஸ்திரேலியாவின் வடகரைக்கு ஆங்கிலேயர் எருமைகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். குடியிருப்புகள் கைவிடப்பட்டன, எருமைகள் தங்கிவிட்டன. பெருகி லட்சக்கணக்கானபோது, அவற்றின் நடைபாதைகள் வழியே கடல்நீர் நன்னீர்ச் சமவெளிகளுக்குள் புகுந்து மரங்கள் பட்டுப்போயின. கடைசியில் துப்பாக்கியால் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதே உடம்பு, அதே பழக்கம், வேறு நிலம். எருமை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாமல் எருமை நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. திணை என்கிற சொல்லை வைத்துக்கொண்டு நம் பழைய கவிஞர்கள் வற்புறுத்தியதும் இதுதான் என்று நினைக்கிறேன். மருதத்துக் குளம் இல்லாமல் அந்த எருமை வெறும் வசைச்சொல்.

7

அலுவலகம் மாறிவிட்டேன். பள்ளிக்கரணையை 2022-ல் ராம்சர் தளமாக அறிவித்தார்கள்; அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலையாகவும் எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து கோட் எழுதும் கட்டிடங்களாகவும் ஆகியிருந்தது. நான் டீ குடித்தபடி நின்ற ஏழாவது மாடிக்குக் கீழே இருந்ததும் ஒரு காலத்தில் மீன் சிதறி ஓடிய தண்ணீராக இருந்திருக்கலாம்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் பைக்கில் போனேன். நல்ல மழை. மேம்பாலத்துக்கு அடியில் எங்களோடு ஒதுங்கிய கூட்டத்தில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரே சாலை ஓரத்தில் ஏழெட்டு எருமைகள் வரிசையாக வந்தன. மேய்ப்பவர் யாரும் கண்ணில் படவில்லை. கடைசியாக வந்த கிழட்டு எருமை மழையில் நின்றது. தலையைக் கொஞ்சம் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, முதுகில் தண்ணீர் வழிய அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த பையன் தன் நண்பனிடம், "மச்சான், பழமொழிய லைவ்ல பாரு" என்று சிரித்தான்.

அதன் கழுத்தைப் பார்த்தேன். அறுந்த கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.